அரிவாள், சத்தகம், பேனாக்கத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் அடுக்களைக் கத்திகளைப் பற்றி வந்த ஒரு கேள்விக்கு இரண்டு வரிகளில் பதில் சொல்லியிருந்தோம். அது போதாது என்று பலர் எழுதியுள்ளனர். வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகள் இங்கே இடம்பெறுகின்றன.

அரிவாள், அறுவாள், அருவாள் ஆகிய மூன்றில் எது சரி? கதிர் அறுக்கும் கருவிக்கும் விறகு வெட்டும் கருவிக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? (மானாமதுரை வாசகர்)

எழுத்து வழக்கில் அரிவாள் என்பதே சரி. அரிதல் என்னும் வினையோடு வாள் சேர்ந்து அமைந்த சொல் அது. அறுத்தல், அறுவடை என்னும் சொற்கள் அருகிலேயே இருப்பதால் சிலருக்கு வல்லின றகரம் போடத் தோன்றுகிறது. பேச்சில் அது அருவா என்று திரிந்ததால் குழப்பம் இன்னும் கூடிவிட்டது. வாள் என்றதும் போர்க்களத்தை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை; மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் ஈர்வாள் என்றுதான் பெயர். பொருநராற்றுப்படையில் உழவர் நெல் அரியும் வளைந்த கருவி ‘குயம்’ எனப்படுகிறது. அந்தப் பெயர் வழக்கொழிந்து போக, நெல்லை ‘அரிந்து’ என்று அங்கே வரும் வினை மட்டும் இன்றைய பெயருக்குள் தங்கிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில், தமிழில் வெட்டும் கருவிகளுக்குப் பெயர் அமையும் முறையிலேயே இருக்கிறது. நம்மவர் கருவியின் வடிவத்தைவிட அது செய்யும் வேலையைத்தான் பெயரில் முன்வைக்கிறார்கள். கதிர் அரிவாள், வெட்டரிவாள், வீச்சரிவாள், பாளை அரிவாள் என்று முன்னொட்டு மாறும்போது கருவியும் முற்றிலும் வேறாகிவிடுகிறது. கதிர் அரிவாளின் அலகு மெல்லியது, பிறைபோல் வளைந்தது, வாய் (வெட்டும் விளிம்பு) நெடுகப் பல் வைத்தது. அந்தப் பல்லுக்குக் கருக்கு என்று பெயர் என்பதால் அதைக் கருக்கரிவாள் என்றும், சில வட்டாரங்களில் பன்னரிவாள் என்றும் சொல்கிறார்கள். கொல்லர் சிற்றுளியால் ஒரு பக்கத்தில் மட்டும் நெருக்கமாகக் கோடு வெட்டுவார். கருக்குத் தேய்ந்த அரிவாளைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் ‘கருக்கு வெட்டி’ வாங்கி வருவது அறுவடைக்கு முன்பு நடக்கும் வேலைகளில் ஒன்று. கைப்பிடி அளவு தாளைச் சேர்த்துப் பிடித்து இழுக்கும்போது, வழுக்கும் வைக்கோல் தண்டைப் பற்றி நிறுத்துவது அந்தப் பல்தான்.

வெட்டரிவாளுக்குப் பல் கிடையாது. முதுகு தடித்து, எடை முன்பக்கம் சாய்ந்து, நுனி கொக்கிபோல் உள்வளைந்திருக்கும். ஓங்கி வெட்டும்போது அந்த எடையே பாதி வேலையைச் செய்துவிடும். வெட்டிய முள்கிளையைக் கை படாமல் இழுத்துப்போட நுனி வளைவு உதவும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள திருப்பாச்சேத்தியில் லாரிகளின் பழைய வில்பட்டைகளைக் காய்ச்சி அரிவாள் அடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஓயாமல் வளைந்து நிமிர்வதற்கென்றே உருவாக்கப்பட்ட, கரிமம் மிகுந்த எஃகு அது. செக்கச்சிவக்கக் காய்ந்த வாய்ப்பகுதியை நீரில் தோய்த்தால் அங்கே மட்டும் கடினம் ஏறும். முதுகு சற்று மென்மையாகவே நின்று அடியைத் தாங்கும். தோய்ச்சல் மிகுந்தால் வாய் பொரிந்து உதிரும், குறைந்தால் ஒரே நாளில் மழுங்கும் என்பதால் கொல்லரின் கண் கணக்கு அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தும் ஆள் உயர அரிவாள்களும் இதே பகுதிப் பட்டறைகளில் செய்யப்படுகின்றன. அவற்றின் வாயைத் தொட்டுப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

அரிவாள்மனையா, அரிவாள்மணையா? கத்தியும் பலகையும் வந்த பிறகு அதற்கு என்ன தேவை? (கும்பகோணம் வாசகி)

அரிவாள்மணை என்று டண்ணகரம் இட்டு எழுதுங்கள். மணை என்பது உட்காரும் பலகை. மணையில் அமர்த்துவது என்று திருமண வீடுகளில் சொல்கிறோமே, அதே சொல். அரிவாள் பதித்த மணை என்பதால் இந்தப் பெயர்.

கத்தியால் நறுக்கும்போது காய் கிடக்கும், கத்தி நகரும். அரிவாள்மணையில் கத்தி நிற்கும், காய் நகரும். ஒரு காலால் பலகையை அழுத்திக்கொண்டால் இரண்டு கைகளும் காய்க்கே கிடைத்துவிடுகின்றன. வாழைப்பூ, முருங்கைக்காய், கொத்தவரங்காய், கீரைத்தண்டு போன்றவற்றுக்கு இதைவிட வசதியான கருவி இல்லை என்பது என் முடிவு. மீன் நறுக்குவோர் நிலை இன்னும் தெளிவானது: வழுக்கும் விராலைச் சாம்பல் தொட்டு இரு கையாலும் பிடித்தால்தான் நிற்கும், மூன்றாவது கை கத்திக்கு ஏது? நுனியில் பல்வட்டம் வைத்த மணையில் தேங்காயும் துருவிக்கொள்ளலாம். வங்காளத்தில் போட்டி, மராட்டியத்தில் விளி, ஆந்திரத்தில் கத்திபீட்ட, கன்னட நாட்டில் ஈளிகெ மணெ என்று இதன் உறவுகள் பரவியிருக்கின்றன. தரையில் அமர்ந்து சமைத்த வீடுகளின் கருவி என்பதால், சமையல் மேடை உயர்ந்ததும் இது மூலைக்குப் போனது. நிற்கும் மேடையில் வைத்துப் பயன்படுத்த முயல வேண்டாம். கால் அழுத்தம் இல்லாத மணை புரளும்.

சத்தகம் என்று என் பாட்டி சொல்வார். அது கத்தியா, அரிவாளா? (யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரன்டோவில் வாழும் வாசகர்)

கத்திதான், சிறியது. பனையோலையை வார்ந்து பெட்டி, பாய், கடகம் முடையும் பன்னவேலைக்கு யாழ்ப்பாணப் பெண்கள் கையில் வைத்திருப்பது. ஈர்க்கை நீக்கவும், ஓலையை ஒரே அகலமாக வகிரவும் பெரிய அலகு உதவாது. இதையே நீண்ட தடியின் நுனியில் கட்டினால் கொக்கைச் சத்தகம். முருங்கைக்காயோ மாங்காயோ குழையோ எட்டிப் பறிக்க அது வேண்டும்.

பனையோடு சேர்ந்த இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பனையேறுபவர் இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டியில் பாளை அரிவாள் இருக்கும். பதநீர் சுரக்க, பாளை என்னும் பனம்பூக்கொத்தின் நுனியை நாள்தோறும் மெல்லிய ஏடாகச் சீவிவிட வேண்டும். தடிமனாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும், மழுங்கிய வாயால் சீவினால் நுனி நசுங்கி ஊற்று அடைபடும். அதனால் தீட்டுக்கட்டையில் வெள்ளைக்கல் தூள் தூவித் தீட்டி, சவரக்கத்தியின் கூருக்கு அதைக் கொண்டுவருவார்கள். மரத்தில் ஏறும் எந்த அரிவாளும் முரட்டுக் கருவி என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பேனாவுக்கும் பேனாக்கத்திக்கும் என்ன தொடர்பு? (நாகர்கோவில் மாணவி)

இறகுப் பேனா இருந்த காலத்தில் அதன் முனையைச் சீவிக் கூராக்க ஐரோப்பியர் வைத்திருந்த சிறு கத்தி அது. இறகு போய் உலோக முள் வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கு அது பென்சில் சீவ வந்து சேர்ந்தது. நம்மிடம் எழுத்தோடு பிறந்த கத்தி வேறு உண்டு. ஓலையில் எழுதியவர்கள் மடக்கெழுத்தாணி வைத்திருந்தார்கள். ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலையை வார்ந்து நறுக்கச் சிறு கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும்.

துருப்பிடிக்காத எஃகுக் கத்தி வாங்கலாமா, இரும்புக் கத்தியா? கூர் நிற்கவே மாட்டேன் என்கிறது. (சேலம் வாசகர்)

துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். கழுவி ஈரத்தோடு வைத்தாலும் பொறுத்துக்கொள்ளும் என்பதால் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே ஏற்றது. நீங்கள் இரும்பு என்று சொல்லும் கரிம எஃகுக் கத்தி எளிதில் கூரேறும், ஆனால் புளிப்புப் பட்டால் நிறம் மாறும். வாழைப்பூவின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் காயும் கறுத்துவிடும். துடைத்து, எண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் அதை வாங்குங்கள்.

கூர் நிற்காததற்குப் பெரும்பாலும் கத்தியைவிடப் பலகையே காரணம். கண்ணாடி, கிரானைட், எவர்சில்வர் தட்டு ஆகியவற்றின் மேல் வைத்து நறுக்கினால் எந்த எஃகும் மழுங்கும். மரப்பலகைக்கு மாறுங்கள். தீட்டும்போது கல்லை நனைத்து, அலகைக் கல்லிலிருந்து 15 முதல் 20 பாகை வரை தூக்கி, அந்தச் சாய்வு மாறாமல் தேயுங்கள். மறுபக்கத்தில் விரலைக் குறுக்கே மெல்ல ஓட்டினால் (நெடுக்கில் ஓட்டிவிடாதீர்கள்) நுண்ணிய பிசிர் தட்டுப்படும். அது வந்த பிறகு பக்கம் மாற்ற வேண்டும், அதற்கு முன்பு மாற்றினால் பயனில்லை. கல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத வளையத்தில் தேய்த்துக்கொள்ளலாம்.

செய்தித்தாள்களில் எல்லாமே ‘பயங்கர ஆயுதம்’ ஆகிவிடுகிறதே, வீட்டில் அரிவாள் வைத்திருப்பது குற்றமா? சிங்கப்பூரிலுள்ள மகளுக்கு அரிவாள்மணை கொண்டுபோகலாமா? (சென்னை வாசகி)

குற்றமில்லை. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய பொருள்களை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதம் என்னும் வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. அதன் கீழான விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைக் குறிப்பிடும்போதும் வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு அளிக்கின்றன. அதே அரிவாளால் ஒருவரைக் காயப்படுத்தினால், அது அபாயகரமான ஆயுதத்தால் காயம் விளைவித்த குற்றமாகும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 324ஆம் பிரிவில் இருந்த அது, 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவில் இருக்கிறது. பத்திரிகைகள் சூரி, பிச்சுவா, பட்டாக்கத்தி என்று வேறுபாடின்றி எழுதுவதும் உண்மைதான். சூரி குத்துவதற்கான குறுங்கத்தி, பிச்சுவா தேள் கொடுக்கைப்போல வளைந்தது, பட்டாக்கத்தி நீண்டது. பார்க்காமல் எழுதுவதைவிடக் கத்தி என்று எழுதினாலே போதும்.

அரிவாள்மணையைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அலகைத் தடித்த அட்டையில் பொதிந்து, மேலே துணி சுற்றிக் கட்டி, சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டியைத் திறந்து சோதிப்பவர் கை படும் என்பதால் நுனித் துருவியையும் மறக்காமல் மூடுங்கள். புறப்படும் முன்பு விமான நிறுவனத்திடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.