மகளுடன் திருகோணமலையில் இரண்டு நாள்

கேள்வி: பதினைந்து வயது மகளுடன் ஆவணி மாத வார இறுதியொன்றில் திருகோணமலைக்குச் செல்ல எண்ணுகிறேன். கோயிலும் கடலும் போதுமென்பது என் விருப்பம், அவளுக்கோ ஆர்வமில்லை. எவ்வாறு திட்டமிடலாம்?
- வாசகி, மட்டக்களப்பு

பதில்: அன்புச் சகோதரி, திட்டத்தை முடித்துவிட்டு மகளிடம் அறிவிக்காமல், ஒரு நாளின் பொறுப்பை முழுமையாக அவளிடமே ஒப்படையுங்கள். அவள் தேர்வு பெரும்பாலும் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவாகவே இருக்கும். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அத்தீவைச் சுற்றி முருகைக்கற்பாறைகளும் வண்ண மீன்களும் உள்ளன. ஆவணியில் கடல் அமைதியாக இருக்குமென்றாலும், உயிர்காப்பு அங்கி அணியாமல் படகேற வேண்டாம். கூட்டம் சேருமுன் காலையிலேயே புறப்படுவது நல்லது.

மற்றைய நாள் உங்களுடையது. கோணேசர் கோயிலுக்குப் பிரெட்ரிக் கோட்டையினூடாக, மான்களைப் பார்த்தபடி நடந்தே செல்லுங்கள். போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து அதன் கற்களால் கோட்டை கட்டியதையும், 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும் கோயில் அமைந்துள்ள சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கி ஆலயச் சிதைவுகளைக் கண்டதையும் வழியில் அவளுக்குச் சொல்லுங்கள். வெறும் தரிசனத்தில் ஈடுபாடு காட்டாத பிள்ளையும் இதைக் கேட்டால் அந்தக் கடலை எட்டிப் பார்க்காமல் இருக்கமாட்டாள் என்பது என் உறுதியான நம்பிக்கை. மாலையில் நேரமிருந்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் செல்லலாம். ஏழு கிணறுகளிலும் நீரின் சூடு வெவ்வேறாக இருக்கும். களைத்திருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஆவணி அங்கு சுற்றுலாப் பயணிகள் பெருகும் காலம்.