சுடுபானை இறக்கும் பின்னல்: கேள்விகளும் பதில்களும்

குரோசே என்னும் கொக்கி முனை ஊசியால், சுடுபானை பிடிக்கும் பிடிதுணி பின்னுவது பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். முதல் கேள்விக்கான பதிலை வாசிக்காமல் யாரும் ஊசியைக் கையில் எடுக்க வேண்டாம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): ரீச்சர், கனடாவில் இருக்கும் அக்கா ஒரு பை நிறைய நூல் அனுப்பியிருக்கிறார். மிகவும் மென்மையாக இருக்கிறது, நிறங்களும் நல்ல வடிவு. அதில் பிடிதுணி பின்னலாமா?

பதில்: நூலைச் சுற்றியிருக்கும் தாளை முதலில் பாருங்கள் தங்கச்சி. அக்ரிலிக் என்று அச்சிட்டிருந்தால் பிடிதுணிக்கு வேண்டவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கம்பளி என்று வருவதில் பெரும்பகுதி அதுதான். அக்ரிலிக் பிளாஸ்ரிக் வகையைச் சேர்ந்தது. சுமார் 200 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். விறகடுப்பில் வெறுமனே காயும் தாச்சி அந்தச் சூட்டை எளிதில் தாண்டும். இளகிய நூல் தோலில் ஒட்டிக்கொண்டால் சாதாரண சூட்டுக்காயத்தைவிட ஆழமாகச் சுடும். அப்படி நடந்துவிட்டால் ஒட்டியதைப் பிய்க்கக் கூடாது. ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கையைப் பிடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தாள் இல்லாவிட்டால் எரித்துப் பாருங்கள். விரல் நீளத் துண்டை இடுக்கியால் பிடித்து, காற்றில்லாத இடத்தில், ஒரு தகரத் தட்டின் மேல் தீ வையுங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். அக்ரிலிக்கும் பொலியெஸ்ரரும் சுருங்கி உருகி, நுனியில் கறுத்த கட்டியாக உறையும். ஆறியபின் நகத்தால் அழுத்தினாலும் அது உடையாது. ஆட்டு ரோமத்தில் செய்த உண்மையான கம்பளி தலைமயிர் கருகும் மணம் தரும். அது எளிதில் தீப்பற்றாது, உருகாது, பிடிதுணிக்கு நல்லது. பருத்தியோ கம்பளியோ, இரண்டைத் தவிர வேறெதையும் நான் சம்மதிக்க மாட்டேன். அக்கா அனுப்பியதை வீணாக்க வேண்டாம், குழந்தைக்குத் தொப்பியும் தோள் பையும் பின்னுங்கள்.

கேள்வி (மாங்குளம்): இங்கே கடையில் மெல்லிய பருத்தி நூல்தான் கிடைக்கிறது. அது போதுமா? எந்த ஊசி?

பதில்: மூன்று இழைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, 4 மில்லிமீற்றர் ஊசியால் பின்னுங்கள். பின்னல் தொய்வாக வந்தால் 3.5க்கு இறங்குங்கள். குட்டையான ஒற்றைப் பின்னல் மட்டும் போடுங்கள். உயரமான பின்னல்கள் சீக்கிரம் வளரும், ஆனால் இடையில் விரல் நுனி நுழையும் அளவு துளை விடும். பின்னி முடித்ததை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் சூடும் அந்த வழியே வரும்.

கேள்வி (மல்லாவி): கோடையில் நன்றாக இருந்த அதே பிடிதுணி மாரி காலத்தில் கையைச் சுடுகிறது. பின்னலில் பிழையா அக்கா?

பதில்: பின்னலில் எந்தப் பிழையும் இல்லை, துணி ஈரம். பிடிதுணி நம் கையைக் காப்பதே நூலுக்குள் அடைபட்டிருக்கும் காற்றால்தான். அந்த இடத்தில் நீர் புகுந்தால், நீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் குசினிக்குள் எதுவும் சரியாகக் காய்வதில்லை. தொட்டால் காய்ந்தது போலத் தெரியும் துணிகூட உள்ளே ஈரம் பிடித்திருக்கும். தடித்த பின்னலுக்கு இது இன்னும் மோசம்.

புட்டுப் பானைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். புட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டியைத் தூக்கும்போது எழும் ஆவி துணியில் படிந்து நீராகிறது, அப்படிப் படியும்போது தன் சூட்டையெல்லாம் அங்கேயே விட்டுவிடுகிறது. நீத்துப்பெட்டியை எடுத்த துணியாலேயே உடனே பானையையும் இறக்கப் போனால் பாதி வழியில் கை சுடும், பானை நழுவும். ஆவிக்கு ஒன்று, பானைக்கு ஒரு சோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் நாலைந்து பிடிதுணிகளைச் சுழற்சியில் பாவியுங்கள். அடுப்புக்கு மேலுள்ள கொடியில் மட்டும் தொங்கவிடாதீர்கள், விழுந்தால் நேரே நெருப்புக்குள்தான் விழும்.

கேள்வி (முள்ளியவளை): வட்டமாகப் பின்னினால் ஒருமுறை கிண்ணமாகக் குழிகிறது, மறுமுறை ஓரம் அலை அலையாக வருகிறது. ஏன்?

பதில்: கண்ணிகளைக் கூட்டும் கணக்கில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் சுற்றில் 6, அடுத்து 12, பிறகு 18, 24 என்று ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கண்ணிகள் மட்டும் கூட வேண்டும். குறைந்தால் குழியும், மிஞ்சினால் நெளியும். எப்போதும் ஒரே இடத்தில் கூட்டினால் அறுகோணமாகிவிடும், ஆகவே சுற்றுக்குச் சுற்று இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): இரண்டு துண்டு பின்னித் தைத்தால் மூலைகள் ஒத்துவருவதில்லை. தடிப்பான பிடிதுணிக்கு வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, எனக்கு மிகவும் பிடித்த முறை அதுதான். 25 சென்ரிமீற்றர் நீளத்துக்குச் சங்கிலிப் பின்னல் போடுங்கள். அதன் ஒரு பக்கம் முழுவதும் ஒற்றைப் பின்னல் போட்டுக் கடைசிக் கண்ணிக்கு வந்ததும், அப்படியே சுழற்றிச் சங்கிலியின் மறுபக்கத்தில் திரும்பி வாருங்கள். பிறகு நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே போக வேண்டும். எங்கேயும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டு மூன்று சுற்றில் ஓரங்கள் எழும்பித் தோணி போலாகும். பழகாதவர்கள் இந்த இடத்தில்தான் பிழைத்துவிட்டது என்று பிரித்துவிடுவார்கள். பிரிக்காதீர்கள். உயரம் சங்கிலியின் பாதிக்கு, அதாவது பன்னிரண்டரை சென்ரிமீற்றருக்கு வந்ததும், தோணியின் இரண்டு முனைகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்து வாயை மூடிப் பாருங்கள். இரட்டைத் தடிப்பில் ஒரு சதுரம் கையில் இருக்கும். பின்பக்கம் தொடக்கச் சங்கிலி ஒரு மூலைவிட்டமாகவும், முன்பக்கம் மூடிய வாய் அதற்குக் குறுக்கே மற்ற மூலைவிட்டமாகவும் அமையும். வாயைத் தைத்தால் வேலை முடிந்தது. பக்கம் 18 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும், உள்ளங்கையும் விரல்களும் அடங்கும். பெரிதாக வேண்டுமானால் சங்கிலியை நீட்டுங்கள், சங்கிலிதான் சதுரத்தின் மூலைவிட்டம் என்பதை நினைவில் வைத்தால் எந்த அளவும் வரும்.

கேள்வி (கிளிநொச்சி): அழகுக்காகப் பூ, தொங்கல், மணி எல்லாம் வைக்கலாமா?

பதில்: அழகு கட்டாயம் வேண்டும். நாளுக்கு மூன்று வேளை நம் கையில் இருக்கும் பொருள் வடிவாக இருக்க வேண்டாமா? ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதைப் பாருங்கள். சோளகம் வீசும் மாதங்களில் விறகடுப்பின் சுவாலை பக்கவாட்டில் சாயும், தொங்கலும் சுருக்கு ஓரமும் முதலில் பற்றும். பிளாஸ்ரிக் மணி உருகும், உலோக மணி சுடும். தொங்கவிடும் கொளுக்கியின் அடியில் ஒரு சிறிய பூ, கையின் பக்கம் இரண்டு நிறக் கோடுகள், ஓரத்தில் ஒட்டிய சிப்பிப் பின்னல், இவை போதும். பானையில் படும் பக்கத்தைக் கடும் நீலத்திலோ மண்ணிறத்திலோ பின்னினால் கரி தெரியாது. வாயு அடுப்புக்காரருக்கும் தொங்கலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (வற்றாப்பளை): மண்பானைக்குக் கைபிடி இல்லை. பொங்கல் பானையை இறக்கச் சதுரத் துணி வழுக்குகிறது.

பதில்: அதற்குச் சதுரம் சரிவராது அம்மா. ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் அகலமும் 80 சென்ரிமீற்றர் நீளமுமான பட்டி பின்னுங்கள். இரு முனைகளிலும் 18 சென்ரிமீற்றர் மடித்துத் தைத்துக் கை நுழையும் உறையாக்குங்கள். இரண்டு கையும் ஒரே துணியில் இருப்பதால் ஒன்று மட்டும் நழுவி விழாது. கழுத்துக்குக் கீழே இரு பக்கமும் அணைத்துப் பிடியுங்கள். நிறைந்த பெரிய பானை என்றால் இருவர் சேர்ந்து இறக்குவதே நல்லது, எந்தப் பின்னலும் பாரத்தைக் குறைக்காது.

கேள்வி (பரந்தன்): ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துணி மலிவாகக் கிடைக்கிறது. கீற்றாக வெட்டிப் பின்னலாமா?

பதில்: இழுத்தால் நீளும் துணியில் பெரும்பாலும் செயற்கை இழை கலந்திருக்கும். மேலே சொன்ன எரிப்புச் சோதனையில் தேறினால் மட்டும் பாவியுங்கள். அதைவிட வீட்டிலுள்ள பழைய பருத்திச் சாரம் சிறந்தது. இரண்டு சென்ரிமீற்றர் கீற்றாகக் கிழித்து 8 அல்லது 10 மில்லிமீற்றர் ஊசியால் பின்னினால், சட்டி வைக்கும் தடித்த விரிப்பாகும்.

கேள்வி (துணுக்காய்): மஞ்சள் கறை போகவில்லை. சவர்க்காரம் போட்டதும் சிவப்பாகிறது!

பதில்: பயப்படாதீர்கள், சவர்க்காரத்தின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். நன்றாக அலசி நேர் வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் ஒளியில் தானாக மங்கும்.

கேள்வி (நெடுங்கேணி): மகள் இடக்கைக்காரி. வலக்கைக்கு மாற்றிப் பழக்கவா?

பதில்: வேண்டாம். நீங்கள் அவளுக்கு எதிரே இருந்து பின்னிக் காட்டுங்கள், பார்த்தபடியே பிடித்துக்கொள்வாள்.

கேள்வி (விசுவமடு): விற்பதற்குப் பின்னுகிறேன். என்ன விலை சொல்வது? சோடி மலிவாகக் கேட்கிறார்கள்.

பதில்: நூலின் விலையையும், ஒரு பிடிதுணிக்கு எடுக்கும் மணித்தியாலங்களையும் தாளில் எழுதுங்கள். உங்கள் ஊரில் தோட்ட வேலைக்கு ஒரு நாள் கூலி என்னவோ, அதை மணித்தியாலத்துக்குப் பிரித்துச் சேருங்கள். அதற்குக் கீழே இறங்காதீர்கள். விற்குமுன் ஒருமுறை கழுவிக் காயவிடுங்கள். பருத்தி முதல் கழுவலில் சற்றுச் சுருங்கும், அந்தச் சுருக்கம் வாங்கியவர் வீட்டில் நடக்கக் கூடாது. சிறு தாளில் ‘முழுப் பருத்தி, காய்ந்த நிலையில் மட்டும் பாவிக்கவும்’ என்று எழுதிக் கொளுக்கியில் கட்டிக் கொடுங்கள்.