முதல் மல்யுத்தப் போட்டிக்காக மகனின் எடையைக் குறைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது, எடை 33 கிலோ. மூன்று மாதமாக மல்யுத்தப் பயிற்சிக்குப் போகிறான். அடுத்த மாதம் முதல் போட்டி. இரண்டு கிலோ குறைத்தால் கீழ் எடைப் பிரிவில் சுலபமாக ஜெயிப்பான் என்கிறார்கள். முழங்கை அருகே வட்டமாகச் சிவந்து அரிக்கவும் செய்கிறது. வீட்டில் நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: எடையைக் குறைக்காதீர்கள். 33 கிலோ எந்தப் பிரிவில் வருகிறதோ அதிலேயே பெயர் கொடுங்கள்.

இரண்டு கிலோ என்பது அவன் எடையில் ஆறு சதவீதம். சாப்பாட்டைக் குறைத்தால் வளர்ச்சி அடிபடும். கடைசி இரண்டு நாளில் தண்ணீரை நிறுத்தினால் பிடியில் வலு இருக்காது, தலை சுற்றும். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி வீரர்கள் ரப்பர் உடை போட்டு வியர்த்து எடை குறைக்கப் போய், சில வார இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகே அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்த உடைக்குத் தடை வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வீராங்கனை வினேஷ் போகத் எடை வெறும் 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியை இழந்ததும் நினைவிருக்கும். பெரியவர்களுக்கே இந்த நிலை. பத்து வயதில் இது வேண்டவே வேண்டாம். புதிதாக வந்த பிள்ளை தோற்பது எடையால் அல்ல. நிமிர்ந்து நிற்பதால் எதிராளி சுலபமாகக் காலைப் பிடித்துவிடுகிறான், அதனால்தான்.

எடை பெரும்பாலும் போட்டியன்று காலையில் பார்ப்பார்கள். முடிந்ததும் மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம், தண்ணீர் போதும். ஆட்டங்களுக்கு இடையில் உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். பூரி, பரோட்டா மாலைக்கு இருக்கட்டும்.

அந்தச் சிவப்பு வட்டத்துக்கு வருவோம். ஓரம் தடித்து நடுப்பகுதி தெளிந்திருந்தால் அநேகமாகப் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று. மல்யுத்தத்தில் தோலோடு தோல் உரசுவதால் இது வேகமாகப் பரவும். இங்கேதான் பெற்றோர் பலர் ஏமாறுகிறார்கள்: மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவும், வட்டத்தின் வடிவமும் மாறிவிடுவதால் பிறகு மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தோல் மருத்துவரிடம் காட்டி, பூஞ்சைக்கான மருந்தை அவர் சொன்ன நாள்வரை விடாமல் போடுங்கள். சிகிச்சை தொடங்கி மூன்று நாளாவது மேட்டில் (மல்யுத்த விரிப்பில்) இறக்க வேண்டாம். கோச்சிடமும் சொல்லிவிடுங்கள்; மறைத்தால் மற்ற பிள்ளைகளுக்கும் வரும். தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினாலோ, முகத்தில் சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து காய்ச்சல் அடித்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மறுபடி வராமல் இருக்க, பயிற்சி முடிந்த உடனே சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். தலைமுடியையும் நனைத்துக் கழுவ வேண்டும். துண்டு அவனுக்கென்று தனியாக இருக்கட்டும். ஈர உடுப்பைப் பையிலேயே விட்டுவைக்காமல் தினமும் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். மேட்டில் போடும் ஷூவோடு கழிப்பறைக்குப் போகக் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

ஷூ காலோடு ஒட்டி இருக்க வேண்டும். 'வளர்ற பிள்ளை' என்று பெரிய அளவில் வாங்கினால் நுனி மடங்கிக் கணுக்கால் பிசகும். பயிற்சிக்கு பாக்கெட், ஜிப் இல்லாத டிராயர் போடட்டும். பாக்கெட்டில் எதிராளியின் விரல் மாட்டினால் முறியும்.

முதல் போட்டியில் தோற்க வாய்ப்பு அதிகம், இதை அவனிடம் முன்பே சொல்லலாம். சர்வதேச விதிப்படி 15 வயதுக்கு உட்பட்டோருக்கு இரண்டிரண்டு நிமிடமாக இரண்டு சுற்று, நடுவில் 30 விநாடி ஓய்வு. அவ்வளவு குறைந்த நேரத்தில் கோச் ஒன்று சொல்ல, அப்பா பார்வையாளர் வரிசையிலிருந்து வேறொன்று கத்தினால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடுவான். பேரைச் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், 'காலைப் பிடி' என்று சொல்லாதீர்கள். வீடு திரும்பும்போது ஆட்டத்தை அவனாக எடுத்தால் மட்டும் பேசுங்கள்.

தலையில் அடிபட்டு வாந்தி, தலைவலி, தடுமாற்றம் இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, நேராக மருத்துவமனைக்கு. காது மெத்தென்று வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. ஓரிரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினால் வடித்துக் கட்டுப்போடுவார். விட்டுவிட்டால் அது இறுகி, காது கோணலாகவே நின்றுவிடும்.