உப்புக்காற்றில் ஓசையில்லாத கணினி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (பாம்பனிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் வீடு தென்கடலுக்கு மிக அருகில் இருக்கிறது. பழைய மேசைக் கணினி ஒன்றைத் தொலைக்காட்சியோடு இணைத்து, ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்த படங்களையும் பக்திப் பாடல்களையும் அனுபவித்து வந்தோம். விசிறியின் இரைச்சலில் வசனமே காதில் விழாது. இப்போது மதர்போர்டும் பழுதாகிவிட்டது. உள்ளே துருவும் பச்சைக் களிம்புமாக இருந்ததைப் பழுதுபார்ப்பவர் திறந்து காட்டினார். கையளவே உள்ள, சத்தமில்லாத கணினிகள் கிடைப்பதாகக் கேள்விப்பட்டேன். எதை வாங்கலாம்? அதற்கும் இதே கதி நேருமா?

பதில்: இரைச்சல், துரு என இரண்டு குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அந்த விசிறியே பெருங்காரணம். வெப்பத்தை வெளியேற்றுவதற்காக அது அறைக் காற்றை ஓயாமல் உள்ளிழுத்து மின்பலகையின் மேல் செலுத்துகிறது. பாம்பன் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் கலந்திருப்பதால், தூசியோடு அவையும் உள்ளே போய்ப் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியவுடன், மழைக்காலத்தில் ஜாடியிலுள்ள உப்பு நீர்விடுவதைப் போல, இந்தத் துகள்களும் ஈரத்தை இழுத்துக் கரைந்து மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடுகின்றன. மின்னழுத்தத்தில் வேறுபாடுள்ள இரண்டு செம்புத் தடங்களுக்கு இடையில் அந்தப் படலம் நின்றால் செம்பு கரையத் தொடங்கும். தாங்கள் பார்த்த களிம்பு அப்படி உண்டானதே. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடற்காற்றில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய மண்டபத்தில் ஒரு மையம் அமைத்ததற்கும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிவகைப் பூச்சையும் பயன்படுத்தியதற்கும் காரணம் இந்தக் காற்றுதான்.

ஆகவே தங்கள் ஊருக்கு வாங்கும் கணினியில் முதலில் பார்க்க வேண்டியது விலையோ வேகமோ அன்று. அதில் விசிறி இருக்கிறதா என்பதைத்தான். ‘மினி பிசி’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவற்றின் அடிப்பகுதியில் ஒரு சிறு விசிறி ஒளிந்திருக்கும். அது மெதுவாகச் சுற்றுவதால் விற்பவர் ‘சத்தமே வராது’ என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் உப்பு உள்ளே போகும் வழி திறந்தே இருக்கும். விசிறி அறவே இல்லாமல், உலோகப் பெட்டியின் உடலே வெப்பத்தைக் கடத்தி வெளியேற்றும் அமைப்பைக் கேட்டு வாங்குங்கள். நம் விசைப்படகுகளில் உள்ள ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் போன்ற கருவிகளும் பெரும்பாலும் விசிறியில்லாத மூடிய பெட்டிகளாகவே செய்யப்படுகின்றன.

இந்த வகையில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினி. 2012-இல் மாணவர்கள் நிரல் எழுதிப் பழகுவதற்காக வெளியான இந்தச் சிறு பலகை, படம் பார்ப்பதற்கு இத்தனை வீடுகளில் இடம்பிடிக்கும் என்று அதைச் செய்தவர்களே எதிர்பார்த்திருப்பார்களா என்பது ஐயம். அதன் நான்காம் பதிப்பை (சுருக்கமாக ‘பை 4’), சிப்பின் மேல் நேராகத் தொடும் அலுமினியப் பெட்டிக்குள் பொருத்தினால் விசிறி தேவைப்படாது. படம் ஓடும்போது அதற்குச் சுமார் 5 வாட் மின்சாரம் போதும். மற்றொன்று, இன்டெல் என்100 சிப் பொருத்தப்பட்ட விசிறியற்ற மினி பிசி. அந்தச் சிப்பின் வெப்ப அளவு 6 வாட்தான் என்பதால் அதற்கும் உலோக உடலே போதுமானது. முழு உயர்தர (ஃபுல் எச்.டி.) படங்களும் பாடல்களும் மட்டுமே போதும் என்றால் பை 4-க்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை. இரண்டிலும் லிப்ரெஎலெக் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால், கணினியை இயக்கியவுடன் படமும் பாட்டும் ஓட்டும் கோடி என்ற மென்பொருளின் திரை நேராக வந்து நிற்கும். 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கப்பட்டு, 2014-இல் இந்தப் பெயரைப் பெற்ற மென்பொருள் அது.

மேலும் ஒரு யோசனை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும்போது கணினியை நாள்கணக்கில் அணைத்து வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உட்பகுதி அறையைவிடச் சற்றுச் சூடாக இருப்பதால் அங்கே ஈரம் படிவதில்லை. பெரிய மின்மோட்டார்களை நிறுத்தி வைக்கும்போது உள்ளே சிறு ஹீட்டரை எரிய விடுவதும் இதற்காகத்தான். இரவும் பகலும் 5 வாட்டில் ஓடினாலும் மாதம் 4 யூனிட்டுக்குக் குறைவாகவே செலவாகும். ஆனால் கோடையில் அதைத் தொலைக்காட்சியின் பின்புறம் இடுக்கில் செருகிவிட வேண்டாம். சிப்பின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டவுடன் பை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது படம் தடுமாறும். கடலைப் பார்த்த சன்னலுக்கு எதிர்ச்சுவரில், காற்றோட்டம் உள்ள தட்டில் வைப்பது நல்லது. எச்.டி.எம்.ஐ., யு.எஸ்.பி. முனைகளை ஆண்டுக்கு ஓரிரு முறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மாட்டுங்கள்.

கேள்வி (கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி): எங்கள் குடும்பத் திருமணங்கள் டிவிடியிலும், பிற்காலத்தவை பென் டிரைவிலும் உள்ளன. துபாயில் இருக்கும் என் கணவர் தம் கைபேசியில் எடுத்து அனுப்பும் காணொளிகள் தனி. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் சேர்த்துத் தொலைக்காட்சியில் பார்க்க விரும்புகிறேன். பை 5 புதியது, அதையே வாங்கலாம் என்கிறார் தம்பி. சரியா?

பதில்: தம்பி சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிறு கணினி ஒரு படத்தை நிதானமாக ஓட்டுவது அதன் பொது வேகத்தால் அன்று. அந்தப் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறதோ அதை விரிப்பதற்கென்று சிப்பில் தனி மின்சுற்று இருக்கிறதா என்பதைப் பொறுத்ததே. பை 4-இல் எச்.264 முறைக்கும் எச்.இ.வி.சி. முறைக்கும் அத்தகைய சுற்றுகள் உண்டு. புதிய பை 5-இல் எச்.264-க்கான சுற்றை நீக்கிவிட்டு எச்.இ.வி.சி. சுற்றை மட்டும் வைத்திருக்கிறார்கள். அதன் செயலி வலிமையானது என்பதால் 1080 வரியளவுள்ள எச்.264 படங்களைச் செயலியைக் கொண்டே ஓட்டிவிடும், ஆனால் கூடுதலாகச் சூடாகும். கைபேசியிலோ டிரோனிலோ எச்.264 முறையில் எடுத்த 4கே காணொளி என்றால் பை 4-ஆல் முடியாது. பை 5-உம் தடுமாறக்கூடும். யூடியூப் போன்றவை இப்போது மிகுதியாகக் கையாளும் ஏவி1 முறைக்கு இரண்டு பலகைகளிலுமே சுற்று இல்லை. என்100 சிப்பில் எச்.264, எச்.இ.வி.சி., வி.பி.9, ஏவி1 ஆகிய நான்குக்கும் சுற்றுகள் உள்ளன. பல இடங்களிலிருந்து பல கருவிகளில் எடுத்த காணொளிகள் வந்து சேரும் தங்கள் வீட்டுக்கு, விசிறியற்ற என்100 கணினியே பொருத்தம் என்பது என் முடிவு.

டிவிடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் பதிவுசெய்த டிவிடிகளின் உட்பூச்சு காலப்போக்கில் மங்கும். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். ஆகவே கணினி வாங்கும்வரை காத்திராமல், டிவிடி டிரைவ் உள்ள எந்தக் கணினியிலாவது அவற்றை இப்போதே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகலெடுக்கும்போது ‘எம்பி4 ஆக மாற்றித் தருகிறேன்’ என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை சுருக்கப்பட்ட படத்தை மறுபடியும் சுருக்கினால் முகங்கள் மேலும் குழம்பிப் போகும். டிவிடியிலுள்ள வீடியோ_டி.எஸ். என்ற கோப்புறையை அப்படியே எடுத்து வைத்தால் போதும். கோடி அதைத் திறந்து ஓட்டும். நம் நாட்டுத் திருமண டிவிடிகள் 720-க்கு 576 புள்ளி அளவில், ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறிமாறி வரும்படி பதியப்பட்டவை. மணமகள் தலையைத் திருப்பும்போது விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிந்தால், படம் ஓடும்போதே வீடியோ அமைப்புகளைத் திறந்து ‘டீஇன்டர்லேஸ்’ என்பதை இயக்குங்கள். எந்த டிஸ்க்காக இருந்தாலும் ஒரே நகலை நம்ப வேண்டாம். இரண்டாவது நகலை வேறு வீட்டில் வையுங்கள்.

கேள்வி (மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்): பை 4 வைத்திருக்கிறேன். மின்சாரம் அடிக்கடி போய்வருகிறது. இயங்குதளம் இருக்கும் எஸ்.டி. கார்டு இருமுறை கெட்டுவிட்டது. திரையின் மூலையில் மின்னல் அடையாளமும் தோன்றுகிறது. இரண்டும் ஒரே நோயா?

பதில்: இரண்டும் வெவ்வேறு. மின்னல் அடையாளம், பலகைக்கு வந்துசேரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. கைபேசி சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் பயன்படுத்துவோருக்கு இது நேர்வது வழக்கம். பை 4-க்கென்றே விற்கப்படும் 3 ஆம்பியர் அடாப்டரை வாங்குங்கள். அதன் யு.எஸ்.பி. முனைகள் அனைத்தும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும் என்பதால், இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை நேராக மாட்டியிருந்தால் அதுவும் காரணமாகலாம். அப்படியானால் தனி மின்சாரம் உள்ள யு.எஸ்.பி. ஹப் தேவை.

கார்டு கெடுவதற்குக் காரணம், கணினி எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் அறுபடுவது. லிப்ரெஎலெக் தன் இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டுமே திறந்து வைத்திருக்கும். ஆனால் படங்களின் பட்டியலும் அமைப்புகளும் இருக்கும் பகுதியில் அது எழுதிக்கொண்டேதான் இருக்கும். கார்டுக்குப் பதிலாகச் சுழலும் தட்டில்லாத சேமிப்பகமான சிறிய எஸ்.எஸ்.டி.யிலிருந்து இயக்குவது ஓரளவு உதவும். மின்சாரம் போனாலும் அணையாமல் வைப்பதே முழுத் தீர்வு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த இணைப்பிலேயே அடாப்டரை மாட்டுங்கள். இல்லையென்றால், 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தரும் சிறு யு.பி.எஸ். போதும். வைஃபை ரவுட்டருக்கான யு.பி.எஸ். பெரும்பாலும் 12 வோல்ட் தரும் என்பதால் அதைப் பை 4-இல் நேராக மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி (தொண்டியிலிருந்து ஒரு வாசகர்): என் தாயாருக்கு வயது எழுபதுக்கு மேல். கீபோர்டு, மவுஸ் எல்லாம் அவருக்கு ஒத்துவராது. தொலைக்காட்சி ரிமோட்டிலேயே இயக்க முடியுமா?

பதில்: முடியும், ராஸ்பெரி பை என்றால் மிக எளிது. எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே ரிமோட்டின் கட்டளைகளைக் கடத்தும் சி.இ.சி. என்ற ஏற்பாடு அதில் உண்டு. தொலைக்காட்சியின் அமைப்புகளில் அதை இயக்கிவிட வேண்டும். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்பிளிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் பெயரிட்டிருக்கின்றன. இன்டெல் மினி பிசிகளில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது, அவற்றுக்கு யு.எஸ்.பி.யில் மாட்டும் சிறு ரிமோட் ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். தாயாருக்காக வாங்குவதென்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே பையைத் தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி (ஏர்வாடியிலிருந்து ஒரு வாசகர்): இந்தக் கணினியில் ஓ.டி.டி. செயலிகளும் வேலை செய்யுமா?

பதில்: அதற்காக இதை வாங்க வேண்டாம். ஓ.டி.டி. நிறுவனங்கள் தங்கள் உயர்தரப் படத்தை நகலெடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் போன்ற காப்பு முறைகளில் உயர்நிலைச் சான்று பெற்ற கருவிகளுக்கே அனுப்புகின்றன. லிப்ரெஎலெக் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சிறு கணினிக்கு அந்தச் சான்று இல்லாததால் குறைந்த தரப் படமே வரும். சான்று பெற்ற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைத் தொலைக்காட்சியின் மற்றொரு முனையில் மாட்டிக்கொள்ளுங்கள். ‘எல்லாப் படமும் இலவசம்’ என்று கோடியை நிறுவி விற்கப்படும் பெட்டிகளை நாடாதீர்கள். கோடியில் படம் எதுவும் கிடையாது; அவற்றில் வருவன திருட்டுப் பிரதிகளே.

கேள்வி (தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகி): எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் மட்டும் படம் நொண்டுகிறது. கணினியின் வேகம் போதவில்லையா?

பதில்: வேகத்தில் குறையில்லை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) எடுக்கப்படுகிறது. தங்கள் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. 60-ஐ 24 மீதியின்றி வகுக்காததால், ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகிறது. அந்த ஏற்றத்தாழ்வையே கண் நொண்டலாக உணர்கிறது. கோடியின் அமைப்புகளில் பிளேயர், பின் வீடியோஸ் என்ற பகுதிக்குச் சென்று ‘அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரிஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட், ஸ்டாப்’ என்று மாற்றுங்கள். அதன்பின் திரைப்படத்துக்கு 24, பழைய டிவிடிக்கு 50 என்று தொலைக்காட்சி தானே மாறிக்கொள்ளும். படம் தொடங்கும்போது திரை ஓரிரு நொடி கறுத்து மீளும்; அது பழுதன்று. மலிவான சில தொலைக்காட்சிகள் 24-ஐ ஏற்பதில்லை; தங்களுடையது அப்படிப்பட்டதென்றால் கணினியை மாற்றினாலும் பயனில்லை.