பழைய அமெரிக்க நிலச்சீட்டும் ஆயிரம் டாலர் நோட்டும்

கேள்வி: காலஞ்சென்ற என் பெரியப்பா சேர்த்து வைத்திருந்த பழந்தாள்களில் இரண்டு அமெரிக்கத் தாள்கள் கிடைத்தன. ஒன்று, கால்வெஸ்டன் வளைகுடா மற்றும் டெக்சாஸ் நிலக் கம்பெனி 1830இல் வழங்கிய நிலச்சீட்டு. மற்றது, 1840ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஆயிரம் டாலர் நோட்டு, எண் 8894. இவை அசலா? அந்த நிலத்துக்கு உரிமை கோர முடியுமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அமெரிக்க ஐக்கிய வங்கியின் பெயரிலுள்ள ஆயிரம் டாலர் நோட்டில் 8894 என்ற எண் இருந்தால், பெரும்பாலும் வேறு சோதனையே தேவைப்படாது. பழுப்பேற்றிய மொடமொடப்பான தாளில் நினைவுப்பொருளாக ஏராளமாக அச்சிடப்பட்ட நகல் அது. எல்லாம் ஒரே மூலத்திலிருந்து எடுக்கப்பட்டதால் எங்கே கிடைத்தாலும் அதே எண்தான் இருக்கும்.

நிலச்சீட்டை அப்படித் தள்ளிவிட முடியாது. நம் முன்னோர் 1860இல் ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கு வந்து சேர்வதற்கு முப்பது ஆண்டுகள் முந்திய தாள் அது. அசல் சீட்டுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. டெக்சாஸ் அன்று மெக்சிகோவின் கீழ் இருந்தது; சவாலா, வேலைன், பர்னெட் ஆகிய மூவரும் அந்த மெக்சிகோ ஆட்சியில் பெற்றிருந்த குடியேற்ற ஒப்பந்தங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, நியூயார்க்கில் தொடங்கப்பட்ட கம்பெனி இது. ஆனால் அந்த ஒப்பந்தங்கள் குடிகளைக் கொண்டுவந்து குடியமர்த்தும் உரிமையைத் தந்தனவே தவிர, மண்ணைக் கம்பெனிக்குச் சொந்தமாக்கவில்லை. ஆகவே 177 ஏக்கர் என்று அச்சிட்ட சீட்டை வாங்கியவர், அங்கே போய்க் குடியேறி நிலம் கேட்கும் அனுமதியை மட்டுமே வாங்கினார். அதற்கும் முன்பே, அவ்வாண்டு ஏப்ரல் 6ஆம் தேதிச் சட்டத்தால் மெக்சிகோ அமெரிக்கர் குடியேற்றத்தைத் தடை செய்திருந்தது. அன்று வாங்கியவருக்கே கிட்டாத பட்டா இன்று உங்களுக்குக் கிட்டாது. ஆனால் ஏமாந்த அந்த மக்களின் வரலாற்றைத் தாங்கி நிற்பதாலேயே இதைச் சேகரிக்கத் தகுந்த தாளாக நான் மதிக்கிறேன்.

சீட்டைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்து, உருப்பெருக்கியால் கையொப்பங்களைப் பாருங்கள். அசலில் அவை பேனாவால் எழுதியவை; இரும்பு மை பழுப்பாகி, அழுத்திய இடத்தில் தடித்தும் இழுத்த இடத்தில் மெலிந்தும் இருக்கும், சில இடங்களில் பின்பக்கம் வரை ஊறியிருக்கும். நகலில் அச்செழுத்தும் கையொப்பமும் ஒரே மையில் தட்டையாகத் தெரியும். புற ஊதா விளக்கின் கீழ் தாள் நீலவெண்மையாக ஒளிர்ந்தால், அது வெண்மையூட்டி கலந்த இக்காலத் தாள்.

கேள்வி: டர்பனின் ஈரக்காற்றில் இவற்றை எப்படிப் பாதுகாப்பது? லேமினேஷன் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. பிவிசி உறைகளும் நாளடைவில் தாளைக் கெடுக்கும்; பாலியெஸ்டர் உறையிலிட்டு, அமிலமற்ற அட்டையோடு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மடிப்பில் விரிசல் கண்டால் செல்லோடேப் ஒட்டாமல், பழந்தாள் செப்பனிடத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.