எங்கட கல்லையும் தண்ணியையும் காட்டுவம் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில கனக்க டூரிசம் பற்றித்தான், அதுவும் நிலம், கல்லு, கிணறு, மணல் மேடு பாக்க ஆக்களைக் கூப்பிடலாமோ எண்டு. அதால இந்த இதழுக்கு அதுகளை மட்டும் எடுத்திருக்கிறன்.

கேள்வி: யூனிவர்சிட்டியில புவியியல் படிக்கிறன். வேற நாடுகளில ஜியோ டூரிசம் எண்டு எரிமலை, குகை, பள்ளத்தாக்கு எல்லாம் காட்டினம். எங்கட யாழ்ப்பாணக் குடாநாடு தட்டையாக் கிடக்கு, மலையும் இல்ல ஆறும் இல்ல. என்னத்தைக் காட்டுறது? – மாணவி, கோப்பாய்

தங்கச்சி, ஆறு ஏன் இல்ல எண்டு கேட்டுப் பாருங்கோ, காட்டவேண்டிய கதை அங்கதான் தொடங்குது. இலங்கையில பத்தில ஒம்பது பங்குக்கும் மேல மிகப்பழைய பளிங்குருவான கடும்பாறை. புத்தளத்தில இருந்து வடக்க எங்கட பக்கம் வாற துண்டு மட்டும் கடலுக்கடியில படிஞ்ச சுண்ணாம்புக்கல், மயோசீன் காலத்தது, அந்தக் காலம் 2 கோடி 30 லட்சம் வருஷத்துக்கு முந்தித் தொடங்கி 53 லட்சம் வருஷத்துக்கு முந்தி முடிஞ்சது. மழைத்தண்ணி இந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு வெடிப்புகளுக்குள்ளால இறங்கிடும், மேல ஓடி ஆறாகிறதுக்கு விடாது. வழுக்கையாறு ஒண்டுதான் மாரிக்கு ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில விழும், கோடையில போய்ப் பாத்தால் வெறும் வாய்க்கால்.

ஆறு இல்லாதபடியாத்தான் வளவுக்கு வளவு கிணறு, கிணறு இருக்கிறபடியாத்தான் வலிகாமத்துச் செம்மண்ணில வெங்காயமும் புகையிலையும் மிளகாயும், முந்தி அதுக்குத் துலா, இப்ப மோட்டர். ஊருக்குள்ள இறங்கின தண்ணியில ஒரு பங்கு கீரிமலையில கடலுக்குப் பக்கத்திலயே நல்ல தண்ணியா வெளிய வருது, அந்த இடத்தில நகுலேஸ்வரம் சிவன் கோயில், ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன், கீரி முகம் மாறின முனிவர் கதை, குதிரை முகம் மாறின மாருதப்புரவீகவல்லி கதை, அதில இருந்து வந்த மாவிட்டபுரம் கோயில். கல்லு, தண்ணி, தோட்டம், கோயில் எல்லாம் ஒரே கயித்தில கட்டிக் கிடக்கு. இதை உங்கட படிப்போட சேத்து வடிவாச் சொல்ல ஆள் இல்லாததுதான் குறை, அதுக்கு நீங்கள் இருக்கிறியள்.

கேள்வி: நான் ஆட்டோ ஓடுறன். வெளிநாட்டில இருந்து வாற எங்கட ஆக்களை நிலாவரைக் கிணத்தைப் பாக்கக் கூட்டிக்கொண்டு போனால் அஞ்சு நிமிஷத்தில படம் எடுத்திட்டு ஏறிடினம். ராமர் அம்பு விட்ட கதையைச் சொல்லுவன், அதுக்கு மேல என்ன சொல்லலாம்? – வாசகர், அச்சுவேலி

அண்ணை, ராமர் கதையை விடவே விடாதேங்கோ, அது அந்த இடத்தின்ர சொத்து. அதைச் சொல்லி முடிச்ச கையோட கிணத்துச் சுவரைக் காட்டுங்கோ. கல்லைத் தண்ணி கரைச்சுக் கரைச்சுக் கீழ வெறுமையாக்க, மேல்கூரை இடிஞ்சு விழுந்து வந்த பள்ளம் அது, பிறகு ஆக்கள் சுத்திவரக் கட்டியிருக்கினம். மேல நல்ல தண்ணி, ஆழத்துக்குப் போகப் போக உப்பு. ஏன் எண்டு கேட்டால் இப்பிடிச் சொல்லுங்கோ: குடாநாட்டுக்குக் கீழ கடல்தண்ணி உள்ளுக்க வந்து நிக்குது, எங்கட மழைத்தண்ணி பாரம் குறைஞ்சபடியா அதுக்கு மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நிண்டால் கீழ ஏறத்தாழ 40 அடி நிக்கும் எண்டது கணக்கு. அப்ப மேல ஒரு அடியை இறைச்சுக் குறைச்சால் கீழ 40 அடியை இழக்கிறம், உப்பு அந்தளவுக்கு மேல ஏறும். இதைக் கேட்ட ஆள் அஞ்சு நிமிஷத்தில ஆட்டோவில ஏறமாட்டார், தன்ர வீட்டுக் கிணறு ஏன் உவராப் போச்செண்டு உங்களிட்டக் கேப்பார்.

பிறகு பக்கத்துத் தோட்டக்காரரிட்ட ஒரு சொல்லுக் கேட்டிட்டு வேலிக்கரையில கிடக்கிற கல்லொண்டைக் கையில எடுத்துக் குடுங்கோ. வெயிலுக்கு நேர பிடிச்சுத் திருப்பினால் சிப்பி பதிஞ்ச வளைவு தெரியும், சில கல்லில முருகைக்கல்லின்ர, அதாவது பவளப்பாறையின்ர, சின்னச் சின்ன ஓட்டையள் தெரியும், இந்த இடம் ஒருக்காக் கடலுக்கடியில கிடந்ததுக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பாத்திட்டுத் திரும்ப வைக்கச் சொல்லுங்கோ. அங்கயிருந்து சுன்னாகத்தால கந்தரோடைக்குப் போனால் முருகைக்கல்லால கட்டின அந்தச் சின்னச் சின்னத் தூபிகள், நூறு வருஷத்துக்கு முந்தி வரலாற்று ஆய்வாளர் போல் பீரிஸ் தோண்டிப் பாத்த இடம், பிறகு கீரிமலையில கால் நனைச்சால் அரை நாள் சுற்று முடிஞ்சுது. ஓட்டத்துக்கு மட்டும் காசு வாங்காதேங்கோ, கதை சொல்லுற கூலியையும் முதலே சேத்துப் பேசுங்கோ, அது உங்கட அறிவுக்குரிய காசு.

கேள்வி: தெல்லிப்பளையில பிறந்து இப்ப சுவிஸில இருக்கிறம். ஊர்ச் சங்கத்தில காசு சேத்திருக்கிறம். யாழ்ப்பாணத்தை யுனெஸ்கோ ஜியோபார்க் ஆக்கேலாதோ? அப்பிடியெண்டால் கீரிமலைப் பக்கம் ஒரு ஹோட்டலும் போடலாம். – வாசகர், சூரிச்

ஐயா, உங்கட மனசுக்கு முதல் நன்றி. ஜியோபார்க் எண்டால் நிலவியற் பூங்கா, யுனெஸ்கோ இந்தத் திட்டத்தை 2015 நவம்பரில தன்ர திட்டமா ஏற்றுக்கொண்டது. நிலவியல் மட்டும் காணாது, இயற்கையும் பண்பாடும் அங்க சீவிக்கிற சனமும் சேரவேணும். சர்வதேச அளவில முக்கியமான பாறை இடங்கள் எண்டு ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ளவேணும், அந்த இடங்களுக்கு நாட்டுச் சட்டத்தில பாதுகாப்பு இருக்கவேணும், நிர்வகிக்கச் சட்டப்படி ஒரு அமைப்பு வேணும், கல்லு, பொசில் (கல்லில பதிஞ்ச பழைய உயிர்களின்ர எச்சம்) விக்கிற வியாபாரத்தில அந்த அமைப்பு கைவைக்கக் கூடாது. குடுத்த பட்டமும் நிரந்தரம் இல்ல, 4 வருஷத்துக்கு ஒருக்கா வந்து பாப்பினம், சரியில்லை எண்டால் மஞ்சள் கார்ட், திருந்தாட்டிச் சிவப்பு, அதோட பட்டம் போச்சு. மலேசியாவில லங்காவி 2007இலயே எடுத்திட்டுது, அயர்லாந்தில பர்ரன் எண்ட இடம் எங்களைப் போலச் சுண்ணாம்புக்கல் தரை, கல் மதிலுகள், அவையும் எடுத்திட்டினம். இந்தியாவிலயும் இலங்கையிலயும் இன்னும் ஒண்டும் இல்ல.

என்ர எண்ணத்தை ஒளிக்காமச் சொல்லுறன், பட்டத்துக்கு அவசரப்படாதேங்கோ, ஹோட்டலை விடுங்கோ. எங்கட கல்லு வடிகட்டி இல்ல, வெடிப்புக்குள்ளால எல்லாத்தையும் நேர கீழ விட்டிடும். வலிகாமத்துக் கிணறுகளில உரத்தாலயும் மலசலகூடக் குழியளாலயும் நைத்திரேற்று கூடிக்கிடக்கெண்டு ஆய்வாளர்கள் எத்தினை வருஷமாச் சொல்லுகினம், சுன்னாகத்தில கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இதுக்கு மேல ஊற்றுக்குப் பக்கத்தில அறைக்கு அறை பாத்ரூம் வைச்சு குழி தோண்டினால் ஆக்கள் குளிக்க வாற கேணியையே நாங்கள் பழுதாக்கிறம். அந்தக் காசில ஊர்க் கிணறுகளை வருஷம் ரெண்டு தரம் பரிசோதிக்கலாம், இளம் ஆக்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி குடுக்கலாம், மூண்டு மொழியிலும் பிழையில்லாத போர்டு வைக்கலாம். காங்கேசன்துறையில 1950இல தொடங்கின சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல்லு எடுத்த குழியள் இருக்கு, அந்தக் குழிச் சுவரில கல்லின்ர அடுக்கை எந்தப் புத்தகத்திலயும் விட வடிவாப் பாக்கலாம். அனுமதி எடுத்து வேலி போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையளை அங்க கூட்டிக்கொண்டு போறதுக்குச் செலவழியுங்கோ, நான் இரு கையாலயும் வரவேற்கிறன். இப்ப பலாலிக்கு விமானமும் காங்கேசன்துறைக்கு நாகபட்டினக் கப்பலும் வருது, ஆக்கள் வரத்தான் போகினம், நாங்கள் ஆயத்தமா எண்டதுதான் கேள்வி.

கேள்வி: நெடுந்தீவில எங்கட வீட்டில ரெண்டு அறை சும்மா இருக்கு, ஹோம்ஸ்டே செய்யலாமோ? – வாசகி, நெடுந்தீவு

கட்டாயம் செய்யுங்கோ அக்கா. இப்ப காலமை குறிகட்டுவானில படகேறி வந்து, குதிரை, பெருக்கு (பாவோபாப்) மரம், கோட்டை, வளருது எண்டு சனம் சொல்லுற கல் எண்டு ஓடி ஓடிப் பாத்திட்டுப் பின்னேரம் திரும்பிற ஆக்களால தீவுக்கு மிஞ்சிறது குப்பையும் கொஞ்ச ஓட்டக் காசும்தான். ராத்தங்கினால் சமையல், மீன், மோர், எல்லாத்துக்கும் உங்கட கைக்குக் காசு வரும். தண்ணி அளவை முதலே சொல்லிப்போடுங்கோ, கோடையில குதிரையளே தண்ணியில்லாமச் சாகிற ஊர், ஒரு ஆளுக்கு இத்தினை வாளி எண்டால் ஒருத்தரும் கோவிக்கமாட்டினம். உங்கட ஒழுங்கை மதிலில சாந்து இல்லாம முருகைக்கல்லைக் கல்லுக்கு மேல கல்லாப் பொருத்தி, காத்து ஊடறுத்துப் போக இடைவெளி விட்டு அடுக்கியிருக்கினம் பாருங்கோ, அந்த வேலை தெரிஞ்ச வயசான ஆக்கள் இன்னும் இருந்தால் ஒருத்தரைக் கூப்பிட்டு, இடிஞ்ச துண்டொண்டை வாற ஆக்களுக்கு முன்னால அடுக்கச் சொல்லுங்கோ, நாள் கூலி குடுங்கோ, பெடியளும் பக்கத்தில நிண்டு பழகட்டும். வீடு கட்ட அந்த மதில் கல்லை எடுக்கிறவையைத் தயவுசெய்து மறியுங்கோ.

கேள்வி: மணற்காட்டு மணல் மேட்டில குவாட் பைக் விட்டால் ஓடுமோ எண்டு பெடியள் கேக்கினம். – வாசகர், குடத்தனை

வேண்டாம். அந்த மேட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறது இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும்தான், சில்லு ஏறினால் வேர் அறும், வேர் அறுந்தால் மணல் நடக்கும். நடக்கிற மணல் என்ன செய்யும் எண்டு அங்க மூடுண்டு கிடக்கிற பழைய அந்தோனியார் கோயில் காட்டுது. மணலுக்கடியில தேங்கிற மழைத்தண்ணிதான் கரையோரக் கிணறுகளின்ர நல்ல தண்ணியும். டிராக்டரில மணல் அள்ளிறதை நிப்பாட்டச் சொல்லிக் கத்துற நாங்கள் பைக்குக்கு எப்பிடி ஓம் எண்டு சொல்லுறது? காலமை ஆறு மணிக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போங்கோ, கோயிலைக் காட்டுங்கோ, மாரி காலத்தில அப்பிடியே சுண்டிக்குளத்துக்குப் பறவை பாக்கப் போகலாம், 2015இல தேசிய பூங்காவா அறிவிச்ச இடம். பக்கத்து ஊர் நாகர்கோவில் ஆக்களையும் சேத்துப் பிரதேச சபையில ஒரு கூட்டம் வையுங்கோ, எந்த வழியால நடக்கிறது, ஒரு தரத்துக்கு எத்தினை பேர் எண்டதை மீன்பிடிக்கிற ஆக்களே தீர்மானிக்கட்டும்.