அடுத்தவர் ஆட்டத்தைப் பார்ப்பது

அன்புள்ள அம்மா,

நான் திருச்சியில் வசிக்கிறேன். வயது 24. சிறு வயதிலிருந்து பரதநாட்டியம் கற்று, அதிலேயே பட்டமும் பெற்றிருக்கிறேன். இதையே தொழிலாகக் கொண்டு வாழ விரும்புகிறேன். ஆனால் எந்த விழாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது, யாரை அணுகுவது என்ற தகவல் எதுவும் எங்களைப் போன்றவர்களுக்கு நேரத்தில் வந்து சேர்வதில்லை. எல்லாம் முடிந்த பிறகு முகநூலில் படங்களாகத்தான் பார்க்கிறேன். எந்த இணையதளங்களைத் தொடர வேண்டும்? விளம்பரத்துக்கு ஆள் வைத்துக்கொள்வது அவசியமா? ஒரு சபாவில் மேடை தருவதற்கு நன்கொடை கேட்கிறார்கள், கொடுக்கலாமா? சென்னைக்குக் குடிபெயர்ந்தால்தான் தொடர்புகள் கிடைக்குமா? பிறருடைய பாணி ஒட்டிக்கொள்ளும் என்று என் குரு சொல்லியிருப்பதால் நான் மற்றவர்களின் நிகழ்ச்சிகளுக்குப் போவதில்லை. அதனால் இந்தத் துறையில் எனக்கு யாரையும் தெரியாது. வழி சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகளில் சிலவற்றுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடலாம். விளம்பரத்துக்கு ஆள் வேண்டாம், அந்தப் பணத்தை உங்களுக்குப் பாடுகிறவருக்குக் கொடுங்கள். நன்கொடை கேட்கும் செயலாளரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மாறுவதைக் கண்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் கடைசியில் ஏதோ சாதாரண விஷயம் போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, மற்றவர்களின் நிகழ்ச்சிகளுக்குப் போவதில்லை என்று, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இதே பேச்சைச் சென்ற மார்கழியில் வேறு சில இளம் ஆட்டக்காரிகளின் வாயிலிருந்தும் கேட்டேன். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்த வேளையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் குருவைக் குறை சொல்ல நான் வரவில்லை. முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியே நிலைகொள்ளாத பிள்ளையிடம், கண்டதையும் பார்த்துக் குழப்பிக்கொள்ளாதே என்று ஆசிரியர் சொல்வதில் நியாயம் உண்டு. பட்டம் வாங்கிய 24 வயதுப் பெண் அதையே பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைக் குருபக்தி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அதில் பாதி சோம்பல், மீதி அகந்தை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வர்ணத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பாணி என்பது மலிவாக இருந்தால், பதினைந்து ஆண்டுகளாக உங்கள் குருவிடம் எதற்குப் படித்தீர்கள்?

பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுமியாக இருந்தபோது மயிலாப்பூர் கௌரி அம்மாள் ஆடியதைப் பார்த்துத்தான் அவருக்கு ஆடும் ஆசை மூண்டது. 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அவருடைய அரங்கேற்றம் நடந்தது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி 1933இல் மியூசிக் அகாடமியில் பார்வையாளராக அமர்ந்து பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரை முதன்முதலாகப் பார்த்தார். அதன் பிறகே அதே கௌரி அம்மாளிடமும், இ. கிருஷ்ணய்யரின் உதவியால் நட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935இல் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் மேடையேறினார். கலையைப் பற்றி இவர்கள் இருவரும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஆனாலும் இருவரையும் இந்தக் கலைக்குள் இழுத்துவந்தது இன்னொருத்தியின் ஆட்டம்தான். நடுவில் நின்று எல்லாரையும் இணைத்த கிருஷ்ணய்யரோ ஒரு வழக்கறிஞர், தாமே பெண் வேடமிட்டு ஆடிக் காட்டியவர். 1931இல் தேவதாசி மரபைச் சேர்ந்த கல்யாணியின் மகள்களை அகாடமி மேடைக்குக் கொண்டுவர முயன்றவர்களில் முன்னால் நின்றவர் அவர். ஆடுகிறவர்களைத் தேடிப் போய்ப் பார்த்த மனிதர் என்பதால்தான் யாரை அழைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று நீங்கள் ‘தொடர்பு’ என்று கேட்பதை அவர் அப்படித்தான் சேர்த்துவைத்திருந்தார்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள், எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் ஒரு மிருதங்கக்காரர் இருந்தார். பாட்டுக் கச்சேரிகளுக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. ‘டான்ஸ் மிருதங்கம்’ என்று அந்த உலகத்தில் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்வார்களே, அந்த வகையில் சேர்க்கப்பட்டவர். மார்கழியில் ஒரே நாளில் மூன்று ஆட்டங்களுக்கு வாசித்துவிட்டு, இரவு பத்து மணிக்குமேல் வந்து, கூடத்து விளக்கடியில் உட்கார்ந்து ஜவுளிக்கடை கொடுத்த டைரியில் எழுதுவார். கணக்குத்தான் எழுதுகிறார் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் காட்டினார். ஒரு சபாவின் பெயருக்குக் கீழே, “சிமெண்டுத் தரை, மேலே விரிப்புதான். முட்டிக்குக் கேடு” என்று இருந்தது. இன்னொன்றில், “மைக் மூன்றே. வயலினுக்குக் கிடையாது.” வேறொன்றில், “உடுத்தும் அறையில் கண்ணாடி இல்லை, தாழ்ப்பாளும் இல்லை.” மற்றொரு பக்கத்தில், “எட்டரைக்குத் திரை போட்டுவிடுவார்கள். தில்லானாவைச் சுருக்கச் சொல்ல வேண்டும்” என்று, நிகழ்ச்சியின் கடைசி உருப்படியைப் பற்றி எழுதியிருந்தார். எந்தச் செயலாளரைத் தனியாகப் போய்ப் பார்க்கக் கூடாது என்பதற்கும் ஓர் அடையாளம் வைத்திருந்தார், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி.

இதில் எதை எந்த இணையதளம் உங்களுக்குச் சொல்லும்? ஆடுகிறவள் தன் நிகழ்ச்சி நடக்கும் அரங்கை மட்டும், அதுவும் பதற்றத்தோடு, பார்க்கிறாள். தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கம் செய்பவரும், பாடுகிறவரும், மிருதங்கக்காரரும், ஒப்பனைக்காரரும் சீசன் முழுவதும் எல்லா அரங்குகளிலும் எல்லாருடைய ஆட்டத்தையும் பார்க்கிறார்கள். யாருக்குக் கணுக்கால் சுளுக்கியிருக்கிறது, எந்த விழாவில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது, எந்த ஊர்க் குழு அடுத்த ஆண்டுக்குப் புது முகம் தேடுகிறது என்பதெல்லாம் முதலில் அவர்கள் காதுக்குத்தான் வரும். அப்படி ஒரு காலை நேரத்தில், அன்று மாலை ஆட வேண்டியவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார் என்று ஒரு சபாவிலிருந்து எங்கள் மாடிக்காரரைத் தொலைபேசியில் கேட்டார்கள். வாசலில் நின்றபடி அவர் சொன்ன பெயர், எவளுடைய ஆட்டத்துக்கு அவர் ஒருமுறைகூட வாசித்ததில்லையோ அந்தப் பெண்ணின் பெயர். அந்தப் பெண் சீசன் முழுதும் பிறர் நிகழ்ச்சிகளுக்கு வந்து, மடியில் விரலால் தாளம் எண்ணிக்கொண்டு, முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், ஆடியவரைப் பார்த்த கையோடு வாசித்தவர்களையும் பார்த்து, “இந்த ஜதியை, இந்தத் தாளச் சொற்கட்டை, நீங்கள் முடித்த விதம் வேறு மாதிரி இருந்ததே” என்று கேட்டுவிட்டுப் போகிறவள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அதே டைரியில், பேசிய தொகை வைத்த கவருக்காகப் பல மாதம் அலையவிட்ட ஒரு பிரபல ஆட்டக்காரியின் பெயரும் இருந்தது. அவரைப் பற்றி யார் விசாரித்தாலும் மிருதங்கக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார், வெற்றிலையை மென்றுகொண்டே பேச்சை மாற்றிவிடுவார். கேட்டவர் புரிந்துகொள்வார்.

ஆகவே பக்கவாத்தியக்காரர்களுக்குப் பேசிய தொகையை, நிகழ்ச்சி முடிந்த அன்றே, நேரே பார்த்து, இரண்டு கையாலும் கொடுங்கள். சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். ஊர் திரும்ப வண்டி இருக்கிறதா என்று பாருங்கள். காரியம் ஆக வேண்டும் என்று செய்யும் குழைவாக அது இருந்தால், அவர்கள் அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள். வாழ்நாளெல்லாம் முகபாவம் பார்த்தவர்கள்.

தகவல் கிடைப்பதில்லை என்கிறீர்கள். ஒரு காலத்தில் உண்மையிலேயே கிடைக்கவில்லை. 1983இல் ‘ஸ்ருதி’ பத்திரிகை தொடங்கி, இசைக்கும் நடனத்துக்கும் பொறுப்பான ஒரு ஏடு வந்தது. 1992இல் அனிதா ரத்னம் நடனக் கலைஞர்களின் முகவரிகளைத் திரட்டி ‘நர்த்தகி’ என்ற கையேட்டை வெளியிட்டார். அது 2000இல் இணையதளமாகி, இன்றும் நிகழ்ச்சிச் செய்திகளைத் தந்துகொண்டிருக்கிறது. அதைத் தொடருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பு கண்ணெதிரே இருந்தாலும், இது உனக்கானது என்று ஒருவர் தோளைத் தட்டிச் சொல்லாவிட்டால் நாம் விண்ணப்பிப்பதில்லை. உங்கள் கதையே அதற்குச் சான்று. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தருகிறது. குருவிடம் ஐந்தாண்டுப் பயிற்சியாவது இருக்க வேண்டும், புதுதில்லி துவாரகாவில் உள்ள பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையம் (சி.சி.ஆர்.டி.) அதை நடத்துகிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 24 வயதில் இருக்கிறீர்கள், அம்மா! அந்தக் கதவு மூடப்போகிறது. எனக்கு இந்தத் திட்டத்தைச் சொன்னவரும் ஒரு நட்டுவனார்தான், தம்முடைய மாணவிக்காகச் சான்றிதழ்களுக்கு அலைந்துகொண்டிருந்தபோது சொன்னார். தூர்தர்ஷன் தரவரிசைத் தேர்வு, இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றத்தின் (ஐ.சி.சி.ஆர்.) கலைஞர் பட்டியல், மாவட்டக் கலை மன்றம் தரும் கலை வளர்மணி விருது ஆகியவற்றையும் இப்படி விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். மேடை ஏற்பாட்டாளர்கள் உங்கள் தன்விவரக் குறிப்பில் முதலில் தேடுவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

சென்னைக்குக் குடிபெயர வேண்டாம். டிசம்பர் பிற்பகுதியில் உறவினர் வீட்டிலோ தோழி அறையிலோ தங்கிக்கொண்டு, ஸ்ரீ கிருஷ்ண கான சபாவில் 1981 முதல் நடந்துவரும் நாட்டியக் கலா மாநாட்டின் காலை அமர்வுகளில் போய் உட்காருங்கள். மேடையில் பேசுகிறவர்களை இடைவேளையில் காபி வரிசையில் பார்க்கலாம். பிற்பகல் நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு நுழைவுச்சீட்டே கிடையாது, முன்வரிசைகள் காலியாகக் கிடக்கும். ஜனவரியில் அகாடமியின் நடன விழா வருகிறது. அதுவும் முடியாது என்றால், மகா சிவராத்திரிக்குச் சிதம்பரம் போங்கள். அங்கு நாட்டியாஞ்சலி என்னும் நடன விழா தொடங்கியதும் 1981இல்தான். தஞ்சாவூரிலும், மயிலாடுதுறையிலும், கும்பகோணத்திலும் அதைத் தொடர்ந்து நாட்டியாஞ்சலிகள் வந்துவிட்டன. நாடெங்கிலுமிருந்து ஆடுகிறவர்கள் உங்கள் ஊருக்குச் சில மணி நேரத் தொலைவில் வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள், நீங்கள் வீட்டுக்குள் இருந்தபடி யாரையும் தெரியாது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

போகும்போது அறிமுக அட்டை, படங்கள் எதுவும் எடுத்துப் போகாதீர்கள். முதல் வருகையிலேயே தன்னை விற்க வருகிறவர்களை இந்த உலகம் போதுமான அளவுக்குப் பார்த்துவிட்டது. ஒரு நிகழ்ச்சியை மல்லாரியிலிருந்தோ அலாரிப்பிலிருந்தோ மங்களம் வரை எழுந்து போகாமல், கைபேசியை எடுக்காமல் பாருங்கள். பிடித்திருந்தால் எது பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லுங்கள், பிடிக்கவில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வாசித்தவர்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். குருவிடமும் போவதாகச் சொல்லிவிட்டே போங்கள். அவர் கோபித்துக்கொண்டால், கூடவே வரும்படி அழையுங்கள்.

அதற்கு முன்பாக, அந்த உதவித்தொகை விண்ணப்பத்துக்கான வயது வரம்பை எந்தத் தேதி வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள். பயிற்சிச் சான்றிதழுக்குக் குருவின் கையெழுத்து தேவைப்படும், அவரோடு சண்டை போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.